தெருமுனைச் சிரிப்பும் கண்ணாடி வீட்டுச் சிரிப்பும்

சிரிப்பு எல்லோருக்கும் பொது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பாதி உண்மை. ஒருவனோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. ஒருவனைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று. மில் மானேஜர் கொடுக்கும் விருந்தில் பரிமாறும் பையன் தடுக்கி விழுந்தால் மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுகிறது. அதே பையன் மறுநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மானேஜர் எலும்பைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னால் அங்கேயும் ஒரு சிரிப்பு எழுகிறது. இரண்டும் சிரிப்புத்தான். ஆனால் இரண்டும் ஒன்றா?

நம் வீட்டிலுள்ள டெலிவிஷன் பெட்டி தினந்தோறும் நம்மைச் சிரிக்க வைக்கிறது. தறியோடும் லேத்தோடும் மல்லாடிவிட்டு வருகிறவனுக்கும், நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டுவிட்டு வருகிறவளுக்கும் சிரிப்பு தேவை. அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சிரிப்பு நமக்குத் தரப்படுகிறது, யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு விடை தேட, நாற்பது பகுதிகளோடு நின்றுபோன ஒரு பழைய சிரிப்புத் தொடரை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம்.

அதன் பெயர் "நுக்கட்". ஹிந்தியில் தெருமுனை என்று பொருள். 1986, 1987 ஆண்டுகளில் அது தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று.

தெருமுனையில் யார் இருந்தார்கள்?

பம்பாய் நகரத்தின் ஒரு தெருமுனை. அங்கே காதர் பாயின் சிறிய ஓட்டல். மின்சாரச் சாமான்களைப் பழுது பார்க்கும் குரு. சைக்கிள் கடை ஹரி. முடி திருத்தும் கரீம். வீட்டு வேலை செய்யும் ராதா. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். ரோந்து சுற்றும் போலீஸ்காரர் கண்பத். பிச்சையெடுக்கும் கன்ஷு. எந்நேரமும் போதையில் தள்ளாடும் கோப்டி. இவர்கள்தான் அந்தத் தொடரின் கதாநாயகர்கள். பங்களாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கதையில் நடு இடம் இல்லை.

கதை என்ன? ஒருவனுக்கு வந்த கஷ்டத்தை மற்றவர்கள் சேர்ந்து தாங்குவதுதான் கதை. சண்டை போடுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், மறுபடி காதர் பாய் ஓட்டலில் ஒன்றாக உட்காருவார்கள். அங்கே ஹிந்துவும் முஸ்லிமும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். அதை யாரும் பெரிய உபதேசமாகச் சொல்லவில்லை. நம் தெருக்களில் அன்றாடம் நடப்பதை அப்படியே காட்டினார்கள், அவ்வளவுதான்.

சிரிப்பு எங்கிருந்து வந்தது? ஏழ்மையைக் கேலி செய்து வரவில்லை. ஏழ்மையிலும் கூர் மழுங்காத பேச்சிலிருந்தும், விட்டுக்கொடுக்காத மானத்திலிருந்தும் வந்தது. குடிகாரன் கோப்டியைக்கூட அந்தத் தொடர் மனிதனாகவே நடத்தியது. அந்த வேடம் போட்ட சமீர் கக்கர் நாடெங்கும் தெரிந்த முகமானார்.

சைக்கிள் கடை ஹரியை அம்பத்தூர்க்காரர்களுக்குத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டுமா? 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் நம் ஊரில் உருவாகி நாடெங்கும் ஓடின. சட்டம் வளைத்தவன், சக்கரத்துக்குக் கம்பி பூட்டியவன், வர்ணம் அடித்தவன் இங்கே இருந்தான். பஞ்சர் ஒட்டியவன் எல்லா ஊர்த் தெருமுனையிலும் இருந்தான். இந்த இருவரில் எவனையும் அதற்கு முன் டெலிவிஷன் பெட்டி கதாநாயகனாக்கிப் பெரிதாகக் காட்டியதில்லை. "நுக்கட்" காட்டியது. அதன் பெருமை இங்கேதான் இருக்கிறது.

எடுத்தவர்கள் யார்?

இதைத் தயாரித்தவர்கள் பணமூட்டைக்காரர்கள் அல்ல. சயீத் அக்தர் மிர்ஸா, அவருடைய சகோதரர் அஸீஸ் மிர்ஸா, குந்தன் ஷா ஆகியோர் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். அதன் பெயர் "இஸ்க்ரா". தோழர்களே, இந்தப் பெயரைக் கவனியுங்கள். ரஷ்ய மொழியில் தீப்பொறி என்று பொருள். லெனின் 1900-ஆம் ஆண்டு வெளிநாட்டில் அச்சிட்டு, ஜார் போலீசுக்குத் தெரியாமல் ரஷ்யத் தொழிலாளர்களிடம் சேர்த்த பத்திரிகையின் பெயரும் அதுதான்.

சயீத் மிர்ஸா விளம்பரத் தொழிலில் இருந்தவர். அதை விட்டுப் புனா திரைப்படப் பள்ளியில் சேர்ந்து படித்தார். 1980-இல் "ஆல்பர்ட் பிண்டோ" படத்தை எடுத்தார். அதன் நாயகன் ஒரு மோட்டார் மெக்கானிக். அவனுடைய தகப்பன் வேலைநிறுத்தத்தில் நிற்கும் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. 1984-இல் இடியும் கட்டடத்தில் வாழும் ஒரு கிழத் தம்பதி வீட்டுக்காரன்மீது வழக்குப் போடும் கதையைப் படமாக்கினார். குந்தன் ஷா 1983-இல் சர்க்காரின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தந்த சுமார் 7 லட்சம் ரூபாயில் "ஜானே பி தோ யாரோ" என்ற படத்தை எடுத்தார். கட்டட முதலாளிகளும் முனிசிபல் அதிகாரிகளும் சேர்ந்து அடிக்கும் கொள்ளையைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய படம். முடிவில் கொள்ளைக்காரர்கள் தப்பிவிடுவார்கள். உண்மையைக் கண்டுபிடித்த இரண்டு ஏழை போட்டோக்காரர்கள் சிறைக்குப் போவார்கள்.

நடிகர்களும் அப்படியே. ஹரியாக நடித்த பவன் மல்ஹோத்ரா, "காந்தி" படத்தில் உடைப் பிரிவில் எடுபிடி உதவியாளராக வேலை பார்த்தவர். சட்டையை மடித்துக் கொடுத்த கை திருப்புளி பிடித்து நடித்தது. குருவாக வந்தவர் திலீப் தவன். காதர் பாயாக வந்தவர் அவதார் கில். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல அன்று அவர்களில் ஒருவரும் இல்லை.

அது எந்தக் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 1982 ஜனவரி 18-ஆம் தேதி பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலாளிகளும் சர்க்காரும் கடைசிவரை இறங்கி வரவில்லை. ஆயிரமாயிரம் பேர் வேலை இழந்தார்கள். வேலை இழந்தவன் எங்கே போவான்? தெருவுக்குத்தான். தள்ளுவண்டி, பெட்டிக்கடை, கூலி வேலை. "நுக்கட்" அந்த வேலைநிறுத்தத்தின் கதையல்ல. ஆனாலும் அதே நகரத்தில், அதே காயம் ஆறாத நாளில், தெருமுனை மனிதர்களைக் கௌரவமாகக் காட்டியது சாதாரணக் காரியமல்ல.

குறை இல்லையா? உண்டு. தெருமுனை மக்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்தார்கள். தங்கள் கஷ்டத்துக்குக் காரணமானவனை எதிர்த்து ஒன்றாக நிற்பது அவ்வளவாக இல்லை. இரக்கம் இருந்தது, அமைப்பு குறைவு. இன்னொரு குறை நமக்கே உரியது. அது ஹிந்தியில் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்கி வந்தது. ஆனால் இரவில் எல்லோரும் பெட்டிமுன் உட்காரும் நேரத்தில் டில்லியின் ஹிந்தி நிகழ்ச்சி வந்துவிடும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் முகத்தைப் பார்த்தும் கையசைவைப் பார்த்தும் கதையை ஊகிக்க வேண்டியிருந்தது. பாடி மேம்பாலத்தடியையோ, எஸ்டேட் வாசலையோ, பூந்தமல்லி பஸ் நிலையத்தையோ வைத்துத் தமிழில் இப்படி ஒரு தொடர் நாம் பார்க்கவில்லை.

நாற்பதோடு ஏன் நின்றது?

ஜனங்களுக்குப் பிடித்த தொடர் நாற்பது பகுதிகளில் முடிந்தது. இதற்கு ஒரு தனி மனிதர்மீது பழி போட நாம் வரவில்லை. ஏற்பாடே அப்படி அமைந்தது.

1976 ஜனவரி 1-ஆம் தேதி தூர்தர்ஷன் விளம்பரங்களுக்குக் கதவு திறந்தது. பிறகு "ஸ்பான்சர்" முறை வந்தது. அதாவது சோப்பு விற்கிறவனோ பற்பசை விற்கிறவனோ தொடருக்குப் பணம் தருவான். பதிலுக்கு அவன் விளம்பரம் தொடரோடு ஓடும். 1984-இல் தொடங்கிய "ஹம் லோக்" தொடரைத் தாங்கிப் பிடித்தது மாகி நூடுல்ஸ். தொடரில் ஏழைக் குடும்பத்தின் கண்ணீர். இடையே இரண்டு நிமிஷத்தில் வேகும் பண்டம்! ஆனால் அப்போதும் டெலிவிஷன் சர்க்கார் கையில் இருந்தது. ஜனங்களுக்கு ஏதாவது பயன் வேண்டும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டியிருந்தது. அந்த இடுக்கில்தான் "நுக்கட்" நுழைந்தது.

1991-க்குப் பிறகு ஆகாய வழியாகத் தனியார் டெலிவிஷன் வந்து இறங்கியது. தமிழில் 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கியது. அதே 1993-இல் "நயா நுக்கட்" என்ற பெயரில் பழைய தெருமுனையை மீண்டும் கொண்டு வந்தார்கள். பழைய இடம் கிடைக்கவில்லை. தெருமுனைக்காரன் எங்கும் போய்விடவில்லை. அவனைக் காட்டினால் சரக்கு விற்குமா என்ற கணக்குத்தான் முன்னே வந்து நின்றது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பதிலாக ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் கருவி வைத்தார்கள். வீடுகளையும் தரம் பிரித்தார்கள். எதை வைத்து? அந்த வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவர் என்ன படித்திருக்கிறார். வீட்டில் மின்விசிறி உண்டா, காஸ் அடுப்பு உண்டா, பிரிஜ் உண்டா, துணி துவைக்கும் மெஷின் உண்டா, கார் உண்டா, சொந்தமாக விவசாய நிலம் உண்டா? இந்தப் பட்டியலில் எத்தனை இருக்கிறதோ அதுதான் உங்கள் தரம்! நிலமில்லாத விவசாயக் கூலிக்கும் வாடகை வீட்டு மில் தொழிலாளிக்கும் எந்தத் தரம் கிடைக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? விளம்பரக்காரனுக்கு வேண்டியது மேல் தரத்து வீடு. நிகழ்ச்சி அந்த வீட்டுக்காகத் தைக்கப்படுகிறது. நாம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி நம்மிடம் இல்லையா? இருக்கிறது. 2006-இல் தமிழ்நாட்டு சர்க்கார் இலவச வண்ண டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தது. குடிசைக்குள்ளும் பெட்டி வந்தது, நல்லது. ஆனால் பெட்டிக்குள் குடிசை வந்ததா? வந்தபோதும் எப்படி வந்தது? வீட்டு வேலைக்காரி என்றால் காது கொடுத்து ஒட்டுக் கேட்பவள். டிரைவர் என்றால் அசடு. கிராமத்தான் என்றால் பட்டணத்தில் லிப்டைக் கண்டு விழிப்பவன். சிரிப்பு வந்தது, நம்மோடு சிரிக்க அல்ல, நம்மைப் பார்த்துச் சிரிக்க.

பூந்தமல்லிக்குப் பக்கத்துக் கண்ணாடி வீடு

இனி நம் பக்கத்துக்கே வருவோம். பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. 2017-இல் தொடங்கிய தமிழ் "பிக் பாஸ்" நிகழ்ச்சிக்கான வீடு அங்கேதான் எழும்பியது. கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம், மெத்தை, மூலைக்கு மூலை காமிரா. உள்ளே இருப்பவர்கள் நூறு நாள் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள். உலகமெங்கும் உள்ள தமிழர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

அந்த வீட்டைக் கட்டியது யார்? தச்சர், வெல்டர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், பாரம் தூக்குகிறவர். காமிராவைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் நின்று ஓட்டுகிறவர். சாப்பாடு கொண்டு வருகிறவர். குழாய் அடைத்தால் நள்ளிரவில் ஓடி வருகிறவர். காதர் பாயும் குருவும் ஹரியும் இவர்கள்தானே? தெருமுனை அப்படியே கண்ணாடி வீட்டின் பின்புறத்துக்குப் போய்விட்டது. "நுக்கட்"டில் அவர்கள் காமிராவுக்கு முன்னே நின்றார்கள்; இங்கே காமிராவுக்குப் பின்னே நிற்கிறார்கள். அவர்கள் பெயர் வேகமாக ஓடும் எழுத்தில் வந்தால் பாக்கியம்.

2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு. அதே பிலிம் சிட்டியில் "இந்தியன் 2" சினிமாவுக்காக விளக்குகளைத் தூக்கி நிறுத்திய ராட்சத கிரேன் சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் அங்கேயே மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள். மாண்டவர்கள் மூவரும் திரையில் முகம் காட்டாதவர்கள், படத்தை உருவாக்குகிறவர்கள். பெரிய பெரிய தொகைகள் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. கொடுத்தது நல்லது. ஆனால் செத்த பிறகு அறிவிக்கிற தொகையில் ஒரு சிறு பங்கை முன்பே பாதுகாப்புக்குச் செலவிட்டிருந்தால் என்ன? அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் விரல் இழந்த ஒவ்வொரு தோழரும் இதே கேள்வியைக் கேட்டவர்தான்.

2021 மே மாதத்தில் கொரோனா உச்சத்தில் இருந்தது. அப்போதும் அதே இடத்தில் மலையாள "பிக் பாஸ்" நிகழ்ச்சியின் வேலை நடந்துகொண்டிருந்தது. பணியாளர்களுக்குத் தொற்று கண்ட பிறகு வருவாய்த்துறை அதிகாரிகள் போய் அந்த இடத்துக்குச் சீல் வைத்தார்கள். போட்டியாளர்களை ஓட்டலுக்கு மாற்றினார்கள். நாடு பூராவும் வீட்டுக்குள் அடங்கியிருந்த நாளில், மற்றவர்கள் பார்த்துப் பொழுது போக்குவதற்காக இவர்கள் வேலைக்கு வந்தார்கள். அன்றைக்குக் கூலி இல்லையென்றால் அடுப்பு எரியாது என்பதைத் தவிர வேறு காரணம் என்ன?

சிரிப்பை உண்டாக்குகிறவன் வாழ்க்கை சிரிப்பாக இல்லை. நடிகனுக்கும் இது பொருந்தும். ஊரே கொண்டாடிய சமீர் கக்கர் பின்னால் நடிப்பை விட்டு அமெரிக்கா போய் வேறு வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து சிறு வேடங்களில் நடித்தார். 2023 மார்ச் 15-இல் காலமானார். கரீமாக நடித்த ஜாவேத் கானும் அதற்கு முந்திய மாதம் மறைந்தார். திலீப் தவன் 2000-லேயே போய்விட்டார். குந்தன் ஷா 2017 அக்டோபரில் இறந்தார். தெருமுனையை உருவாக்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்புவது யார்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் நிற்பவனும் தொழிலாளி என்பதை நாம் உணர வேண்டும். "சினிமாக்காரன்" என்று அவனை ஒதுக்கக் கூடாது. தமிழ் சினிமாவில் சங்கம் கட்ட அரும்பாடுபட்டவர்கள் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும். அதே நிமாய் கோஷ் 1960-இல் "பாதை தெரியுது பார்" என்ற படத்தை இயக்கித் தொழிலாளர் வாழ்வைத் திரையில் காட்டினார். அதுவும் நெடுநாள் ஓட விடப்படவில்லை. ஆனால் சங்கம் நின்றது. செம்பரம்பாக்கத்தில் கிரேன் ஏற்றும்போது அதைச் சோதித்தவர் யார், உயரத்தில் ஏறுபவனுக்குக் கயிறும் தலைக்கவசமும் உண்டா, வைத்தியமும் இன்ஷூரன்சும் உண்டா, எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்பது அவர்கள் பிரச்னை மட்டுமல்ல. ஆலையில் கேட்கும் அதே கேள்விகள்தான். பூந்தமல்லித் தொழிலாளி கேட்டால் அம்பத்தூர்த் தொழிலாளி கூட நிற்க வேண்டும்.

இரண்டாவது, தூர்தர்ஷன் ஜனங்களின் வரிப்பணத்தில் வளர்ந்த ஸ்தாபனம். சரக்கு விற்கும் கணக்குக்கு அடிமைப்படாமல், உழைப்பாளியின் வாழ்க்கையைத் தமிழில், சிரிப்போடும் கௌரவத்தோடும் காட்ட அதற்குக் கடமை உண்டு. ஹிந்தியில் 1986-இல் முடிந்தது தமிழில் இன்று ஏன் முடியாது? எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கதைக்கோ பஞ்சமே இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் எஸ்டேட் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் பத்துத் தொடருக்குக் கதை கிடைக்கும்.

மூன்றாவது, பெட்டி திறக்காவிட்டால் தெருமுனை நம்முடையதாகவே இருக்கிறது. தெருநாடகத்துக்கு ஹிந்தியில் "நுக்கட் நாடகம்" என்றுதான் பெயர். 1989 ஜனவரி 1-ஆம் தேதி, டில்லிக்கருகே சாகிபாபாத் தொழிற்பேட்டைப் பகுதியில் சப்தர் ஹஷ்மியும் அவர் குழுவினரும் தொழிலாளர் மத்தியில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் சப்தரும் உயிர் நீத்தார். ஜனவரி 4-ஆம் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார்கள். நம் ஊரிலும் 1984 முதல் சென்னைக் கலைக்குழு தெருவில் நாடகம் போட்டு வந்திருக்கிறது. விளம்பரக்காரன் தயவு தேவையில்லை, மேல் தரத்து வீடு தேவையில்லை. ஒரு பறை, நாலு பேர், நம் கதை. போதும்.

ஆகவே தோழர்களே, இன்றிரவு பெட்டியின் முன் உட்காரும்போது தாராளமாகச் சிரியுங்கள். சிரித்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நம்ம மாதிரி யாராவது இருக்காங்களா? இருந்தா, அவங்களோட சேர்ந்து சிரிச்சோமா, அவங்களைப் பார்த்துச் சிரிச்சோமா?" பிள்ளைகள் சரியான பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைச் சங்கக் கூட்டத்துக்கும் தெருமுனைக்கும் கொண்டு வருவது பெரியவர்களின் வேலை.